அட்டவணை அச்சேறும் முன் புளியந்தோப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்
சென்னையின் மார்கழி, பொங்கல் கலைவிழா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சபாச் செயலாளர்களுக்கும், மக்களிசை மேடைகளை நடத்துவோருக்கும், பொங்கல் நாட்களில் நகரமெங்கும் கலைவிழா எடுக்கும் அரசு அலுவலர்களுக்கும்,

அடுத்த சீசனுக்கான பேச்சு உங்களிடையே தொடங்கியிருக்கும். எந்த அரங்கு, எந்தத் திடல், யாருக்கு மாலைக் கச்சேரி, யாருக்கு மதியக் கச்சேரி என்று நீங்கள் பேசி முடித்து அட்டவணை அச்சேறிவிட்டால், அதன்பின் வரும் எந்தக் கோரிக்கைக்கும் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பதுதான் பதிலாக இருக்கும். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். சென்ட்ரலுக்குப் பின்னால், பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் வருகிற எங்கள் புளியந்தோப்பு உங்கள் விழாக்களில் பாடலாக வருகிறது, பாடகராக வருகிறது, சினிமாவில் கதை நடக்கும் தெருவாகவும் வருகிறது. விழா நடக்கும் இடமாக மட்டும் வருவதில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, நுங்கம்பாக்கம் என்று பழகிய தடத்திலேயே உங்கள் கை எழுதிக்கொண்டு போகிறது. வரும் சீசனில் அந்தத் தடத்தை விட்டு விலகி எங்கள் பேட்டைக்கும் ஒரு மேடை ஒதுக்குங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. கேட்பதற்கான நியாயத்தை முழுமையாக உங்கள் முன் வைக்கிறேன்.

சென்னையில் கலை தெற்கே குடியிருப்பது ஏதோ இயற்கையாக அமைந்தது போல நாம் பேசிப் பழகிவிட்டோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தியாகராஜர் சென்னைப் பக்கம் வந்தபோது சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் திருவொற்றியூர் சென்று, திரிபுரசுந்தரியின் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பைக் கேட்க அன்றைய பெரிய வித்துவான்கள் எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். மயிலாப்பூரில் சபாக்கள் பெருகுவதற்கு முன்பே தங்கசாலைத் தெருவில் தொண்டைமண்டலம் சபா கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தது. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சென்னைக்கு வந்தால் கூடாரம் போட்டது வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைத் தியேட்டரில். வசதி படைத்தவர்கள் வடக்கே இருந்த வீடுகளை விட்டுத் தெற்கே குடிபோனார்கள். ரசிகர்கள் போன வழியில் சபாக்களும் போயின. ஆக, கலை தெற்கே போனது சிலர் எடுத்த முடிவுகளால்தான். முடிவு எடுத்து நகர்த்திய ஒன்றை இன்னொரு முடிவு எடுத்துத் திரும்பவும் நகர்த்தலாம். அந்த முடிவை எடுக்கும் இடத்தில் இன்று இருப்பவர்கள் நீங்கள்.

புளியந்தோப்புக்கென்று தனிக் கதை ஒன்றும் உண்டு. ‘பின்னி மில்’ என்று எங்கள் மக்கள் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போட்டவை. அங்கே வேலை பார்த்தவர்களுக்காக டிமெல்லோஸ் சாலையில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபா என்றொரு சபா இயங்கியது. நடத்தியவர்கள் அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களான செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய இடம் அது. ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்த தொழிலாளர்கள் அங்கேதான் ஒருவரையொருவர் அறிந்தார்கள், ஆலைக்குள் படும் பாட்டைப் பேசினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க.வின் துணையோடு, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மக்கள் கூடி உட்கார்ந்து கேட்க ஓர் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த ஒற்றுமை குலைந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே மண் பார்த்திருக்கிறது. 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள், குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1996-ல் ஆலை மூடியது. வேலையோடு சேர்ந்து, பல தெருக்காரர்கள் ஒன்றாகக் கூடும் வழக்கத்துக்கும் பெரிய அடி விழுந்தது. அந்தக் காலியிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று இந்த நகரம் இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் இங்கே கலை நின்றுபோகவில்லை. ஒரு மரண கானாவை அருகில் இருந்து கவனித்துப் பாருங்கள். சாவு வீட்டு வாசலில் பந்தல், வாடகை நாற்காலிகள், ஒரு மைக் செட். டோலக்கும் சட்டியும் தாளம் கட்ட, பாடுபவர் முதலில் வீட்டாரிடம் நாலு விவரம் கேட்டுக்கொள்வார். போனவர் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகள் பெயர், யாரை அதிகம் நேசித்தார் என்பதெல்லாம் அடுத்த சில நிமிடங்களில் மெட்டுக்குள் வந்து உட்காரும். எழுதி வைத்த தாள் இருக்காது. கேட்பவர்கள் எழுந்து வந்து பாடகரின் சட்டையில் பத்து ரூபாயும் நூறு ரூபாயும் குத்திவிட்டுப் போவார்கள். கொடுத்தவர் பெயரும் தாளம் தவறாமல் பாட்டில் சேர்ந்துவிடும். விடியும் வரை இது நடக்கும். அந்த நொடியில் சொல் கட்டி, சந்தம் பிசகாமல், அழுகிற வீட்டை அழவும் விட்டு ஆற்றவும் செய்கிற இந்தத் திறமை சாதாரணமானதல்ல. ராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு வரை தங்கள் பாட்டின் வேரைக் கொண்டு போகிற கானாக் கலைஞர்கள் உண்டு. சித்தர் மரபு, சூஃபி மரபு, துறைமுகக் கூலி, ஆலைச் சங்கு எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பாட்டு இது. சென்னை நகரம் தானாகப் பெற்றெடுத்த இசை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் வேறு எதைக் காட்டுவீர்கள்?

இந்த இசையை நீங்கள் மதிக்கத் தொடங்கியிருப்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 2012-ல் ‘அட்டகத்தி’ படத்தில் கானா பாலா பாடியபின் தமிழ்நாடு முழுக்க அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் முதல் கச்சேரி செய்தபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சாதியைக் கேள்வி கேட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வானம் கலைத் திருவிழா மயிலாப்பூரில் நடந்தது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ நடக்கிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய ராயபுரத்து இசைவாணியை 2020-ல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்கள் மட்டுமே பாடுவதாக இருந்த கானாவில் ஒரு பெண் குரலுக்கு மேடை கிடைத்ததன் பலன் அது. இவை எல்லாம் பெரிய மாற்றங்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால் போக்குவரத்து ஒருவழியாகவே இருக்கிறது. எங்கள் பாட்டு உங்கள் பகுதிக்கு வருகிறது. உங்கள் மேடை எங்கள் பகுதிக்கு வருவதில்லை. பாடுபவர் புளியந்தோப்பிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பாடிவிட்டு வருகிறார். அவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும், அவரைப் பார்த்துப் பாடப் பழகும் பையனும், அந்தக் கைத்தட்டலைக் கேட்பதே இல்லை.

இடம் அவ்வளவு முக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். முக்கியம்தான். கானாக் கலைஞர் தன் சொந்தத் தெருவில் பாடுவது பெரும்பாலும் சாவுக்கு, அல்லது கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு. தரமான ஒலி அமைப்போடு, நேரம் குறித்து, பெயர் அச்சிட்டு, உட்கார்ந்து கேட்க வந்த கூட்டத்தின் முன்னால் அவர் பாடும் வாய்ப்பு சொந்தப் பேட்டையில் கிடைத்தால், பேட்டை அவரைப் பார்க்கும் பார்வையே மாறும். பிள்ளை பாட்டுக் கற்றுக்கொள்கிறேன் என்றால் அஞ்சுகிற அம்மா அன்று யோசிப்பார். மகள் மேடையேறுவதை ஊரார் முன்னால் பார்க்கிற அப்பாவுக்கு அடுத்த முறை தடுக்க மனம் வராது. தெற்கே நடக்கும் எந்த விழாவுக்கும் இந்தப் பலன் கிடையாது. கேட்பவர் பக்கத்திலும் இதே கணக்குதான். ஆட்டுத்தொட்டியில் விடியும் முன்பே வேலைக்கு நிற்பவரும், வீட்டு வேலை முடித்து இருட்டிய பின் திரும்பும் பெண்ணும், இரண்டு பஸ் மாறி அடையாறு போய்க் கச்சேரி கேட்டு வருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அனுமதி இலவசம் என்று அறிவித்துவிடுவதால் மட்டும் ஓர் அரங்கு எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை.

சென்னை சங்கமம் வடக்கே வரத்தான் செய்கிறதே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மை. 2007-ல் தொடங்கி இடையில் நின்று, 2023 பொங்கலில் ‘நம்ம ஊரு திருவிழா’வாக மீண்டபோது பதினெட்டு இடங்களில் மேடை போட்டார்கள். ராயபுரம் ராபின்சன் திடலும் பெரம்பூர் மேம்பாலப் பூங்காவும் கொளத்தூரும் அதில் இருந்தன. அதை வரவேற்கிறோம். ஆனால் இந்த மூன்று பெயர்களுக்கு நடுவில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, பட்டாளம், ஓட்டேரி என்று மக்கள் நெருக்கி வாழும் ஒரு பெரும்பரப்பு கிடக்கிறது. பக்கத்துப் பகுதியில் நடந்தால் போதாதா என்ற கேள்வியை மயிலாப்பூரிடமும் மந்தைவெளியிடமும் யாரும் கேட்பதில்லை. அங்கே அடுத்தடுத்த தெருக்களில் சபாக்கள் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரகமும் ஒயிலும் பறையும் மாவட்டங்களிலிருந்து வந்து ஆடிவிட்டுப் போவது மகிழ்ச்சிதான். ஆனால் பொங்கல் முடிந்து பந்தல் பிரித்ததும் எல்லாம் முடிந்துவிடும். பகுதியில் ஏற்கெனவே இருக்கும் கலைஞரைத் தேடிக் கண்டுபிடித்து வளர்த்துவிட்டுப் போகிற விழாவாக அது இருக்க வேண்டும்.

பாதுகாப்பு, கூட்டம், போலீஸ் அனுமதி என்ற தயக்கத்தையும் நான் அறிவேன். அதை வெளியே சொல்லாமல் “பார்வையாளர்கள் அங்கே வரமாட்டார்கள்” என்று மாற்றிச் சொல்வது வழக்கம். செய்தித்தாளில் புளியந்தோப்பு என்ற பெயர் குற்றச் செய்தியோடு சேர்ந்தே வருவதால் வந்த பயம் இது. ஆண்டுதோறும் இங்கே ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்கும், ஆடி மாதக் கூழ்வார்ப்புக்கும், மாதா கோயில் திருவிழாவுக்கும், பள்ளிவாசல் விழாக்களுக்கும் தெரு நிறைய ஜனம் கூடுகிறது. பெண்கள் கைக்குழந்தையோடு நின்று பார்க்கிறார்கள். கூட்டத்தைக் கையாளத் தெரிந்த இளைஞர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி மயிலாப்பூருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான், அதை மதித்தே நிகழ்ச்சி வைக்கலாம். வருவதற்கு பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா என்று மின்சார ரயில் நிலையங்கள் உண்டு. வடசென்னை மக்கள் கேட்கும் பொறுமை உள்ளவர்களா என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் 1949 செப்டம்பரை நினைத்துக்கொள்ளட்டும். ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நின்று பேச்சுக் கேட்ட கூட்டத்தின் முன்னால்தான் தி.மு.க. தொடங்கப்பட்டது. பயம் போக வேண்டுமானால் மக்கள் வந்து பார்க்க வேண்டும். வந்து பார்ப்பதற்குக் காரணம் ஒன்றை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

கானாவில் ஆபாசம் இருக்கிறது, போதையும் அடிதடியும் பெருமையாகப் பாடப்படுகின்றன என்ற குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அப்படிப்பட்ட பாட்டுகள் இருக்கின்றன, எங்கள் வீட்டுப் பெண்களுக்கே அவை பிடிப்பதில்லை. ஆனால் எந்தப் பாட்டு எங்கே வளர்கிறது என்று பாருங்கள். சினிமா கேட்டு வாங்குவதும், செல்போனில் லட்சம் பேர் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த ரகம்தான். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததையும், மூடிய ஆலையையும், அம்மாவையும், அண்ணல் அம்பேத்கரையும், காதலையும் பாடுகிற கானாவுக்குக் காசு கொடுத்து மேடை தர ஆள் இல்லை. நல்லதைத் தேர்ந்தெடுத்து முன்னால் வைப்பது அமைப்பாளரின் தொழில்தானே? எந்தச் சபாவும் எல்லாப் பாடகரையும் மேடை ஏற்றுவதில்லை. தேர்ந்தெடுக்கும் அந்தக் கண்ணை இங்கேயும் செலுத்துங்கள். ஒதுக்கி வைத்தால் மோசமான பாட்டு சாகாது, நல்ல பாட்டுத்தான் சாகும்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று எங்கள் பக்கத்திலிருந்தே வரும். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, குடியிருப்புச் சுவர்களில் பூச்சு உதிர்கிறது, இந்த நிலையில் பாட்டுக் கச்சேரி ஒரு கேடா என்று கேட்பார்கள். கேட்க உரிமை உள்ளவர்கள் அவர்கள். அவர்களுக்கு என் பதில், குடிநீருக்கும் கலைக்கும் போட்டி வைக்க வேண்டாம் என்பதே. தெற்கே உள்ளவர்களிடம் கால்வாய் சரியாகும் வரை கச்சேரி வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. 2023-24 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். சாலையும் பாலமும் கட்டிடமும் வரட்டும். கட்டிய சமுதாயக் கூடத்தில் கல்யாணம் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பதையும் அதே திட்டம் யோசிக்க வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது. அந்தப் பெருமை சென்னை முழுமைக்கும் தரப்பட்டது, சில அஞ்சல் எண்களுக்கு அல்ல. டிமெல்லோஸ் சாலை சபாவில் கூடியவர்கள் சொற்பொழிவு கேட்கத்தான் வந்தார்கள், உரிமை கேட்கிறவர்களாக வெளியே போனார்கள். கூடும் இடம் கிடைத்தால் தண்ணீருக்காகப் பேசும் குரலும் அங்கிருந்தே வலுப்பெறும்.

எப்படிச் செய்வது என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியபோது, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் அதை ஊர்க்காரர்களோடு சேர்ந்தே நடத்தினார்கள். கர்நாடக இசையும் பரதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. 2017-ல் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிய பொறம்போக்குப் பாடலை அதே கிருஷ்ணா எண்ணூரிலேயே நின்று பாடினார். பிரச்சினை உள்ள மண்ணில் நின்று பாடியதால்தான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு பலம். இதிலிருந்து எங்களுக்கும் ஒரு கோரிக்கை பிறக்கிறது. புளியந்தோப்புக்கு மேடை என்றதும் கானாவும் பறையும் போதும் என்று தீர்மானித்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வயலினும் வேண்டும், வீணையும் வேண்டும், நவீன நாடகமும் வேண்டும். எங்கள் கலையை நீங்கள் கேட்பதும், உங்கள் கலை என்று நீங்கள் நினைப்பதை நாங்கள் கேட்பதும் ஒரே திடலில் நடக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரும் மார்கழியிலும் பொங்கலிலும் புளியந்தோப்பின் பெயர் உங்கள் அட்டவணையில் இடமாக வர வேண்டும். கன்னிகாபுரம் விளையாட்டுத் திடல் ஆகட்டும், ஒரு மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஆகட்டும், இடத்தைத் திரு.வி.க. நகர் மண்டல அலுவலகத்தோடு பேசி முடிவு செய்யலாம். என்ன நிகழ்ச்சி, யார் கலைஞர் என்று தீர்மானிக்கும் குழுவில் இந்தப் பகுதிக் கலைஞர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சரிபாதி நாற்காலி வேண்டும். தெற்கே தரும் அதே சன்மானம், அதே ஒலி அமைப்பு, அதே அச்சு, அதே விளம்பரம் இங்கேயும் தரப்பட வேண்டும். “எக்ஸ்போஷர்” என்ற சொல்லைச் சம்பளமாக வைக்காதீர்கள். இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டு வேலைப் பெண்களுக்கும் ஏற்றபடி, ஞாயிறு மாலை போன்ற நேரங்களில் நிகழ்ச்சி வையுங்கள். ஒரு வருடம் செய்து கூட்டம் போதவில்லை என்று கைவிடாமல், குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நடத்துவோம் என்று இப்போதே அறிவியுங்கள். எந்தச் சபாவும் முதல் சீசனிலேயே நிறைந்துவிடவில்லை.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்ய வேண்டியதையும் செய்வோம். இடம் ஏற்பாடு செய்ய அலைவோம், தெருத்தெருவாகச் சொல்லிக் கூட்டம் சேர்ப்போம், வருகிற விருந்தினரை வரவேற்போம், பந்தல் பிரித்தபின் திடலைச் சுத்தமாக விட்டு வைப்போம். உங்களிடம் முதலில் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சந்திப்பு. அட்டவணையை முடிவு செய்யும் முன், புளியந்தோப்பில், இந்தப் பகுதிக் கலைஞர்களை அழைத்து அந்தச் சந்திப்பை நடத்துங்கள். முடியாது என்றால் காரணத்தையும் எங்கள் முன்னால் உட்கார்ந்தே சொல்லுங்கள். முடியும் என்றால் தேதியைக் குறியுங்கள், மீதி வேலையைச் சேர்ந்து செய்வோம்.

அன்புடன்,
புளியந்தோப்பு வாசி ஒருவர்